தேய்ந்து காக்கும் கட்டை

போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், ஓடும் கருவிகளைப் பற்றியே பெரிதும் விரித்துரைத்தனர். சில்லைக் கண்ட மனிதன், நீராவியை ஆண்ட மனிதன், பெற்றோலை எரித்துப் பறந்த மனிதன் என்று அவர்கள் வரிசைப்படுத்திய புகழ்மாலை நீண்டது. அவ்வண்டிகளை நிறுத்தியவன் யார் என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. ஆயினும், நிறுத்த இயலாத வண்டியை எவரும் துணிந்து வேகமாக ஓட்டுவதில்லை. பிறேக் என்று பொதுமக்கள் வழங்கும் தடுப்பு எவ்வளவு வளர்ந்ததோ, அவ்வளவுக்கே வேகமும் வளர்ந்தது. ஆகவே வேகத்தின் வரலாற்றை எழுத விரும்புவோன் தடுப்பின் வரலாற்றையும் உடனெழுதக் கடமைப்பட்டவனாவான். அவ்வரலாற்றின் ஒரு கிளை, மலைச்சரிவுகளில் இறங்கும் துவிச்சக்கர வண்டியின் சில்லருகே, பெருவிரல் நகத்தை ஒத்த ஒரு சிறு கட்டையில் வந்து முடிகின்றது. அக்கட்டை எங்கிருந்து வந்தது, ஏன் தேய்கின்றது, அது தேய்வதை ஏன் கவனிக்க வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிந்து கொள்ளுதல் நன்று. தடுப்பு வேகத்தை அழிப்பதன்று. உலகில் எச்சக்தியையும் அழித்தல் இயலாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றவே இயலும். ஓடும் வண்டியின் இயக்கசக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றிலே கலக்கச் செய்வதே தடுப்பின் தொழில். வண்டியும் ஓட்டுபவருமாக 90 கிலோகிராம் நிறை, 300 மீற்றர் உயரமுள்ள மலையிலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாகுமாயின், அது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் நிலமும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதைத் தடுப்பே தாங்க வேண்டும். அடுப்பின்மீது ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி, சில நிமிடங்களுள் ஒரு சிறு கட்டையின் முகத்திலே தோன்றுகின்றது. அது எங்கே செல்வது? எப்பொருள் அதைத் தாங்குவது? தாங்கும்போது எது தேய்வது? தடுப்பின் வரலாறு இம்மூன்று வினாக்களுக்கும் மனிதன் தேடிய விடைகளின் வரலாறேயாகும்.

குதிரை வண்டிகளின் காலத்தில் விடை எளிதாக இருந்தது. சில்லின் விளிம்பின்மீது ஒரு மரக்கட்டையை அழுத்தினால் வண்டி நின்றது. கட்டை தேய்ந்தால் இன்னொரு கட்டையை மாட்டினர். இங்கிலாந்தின் டார்பிசயர் மலைநாட்டில் இம்முறை போதாதாயிற்று. சரிவு மிக்க பாதைகளில் வெறும் மரம் வழுக்கியது. அங்கிருந்த வண்டிக்காரர் பழஞ்சப்பாத்துத் தோலைக் கட்டையின்மீது ஆணியடித்துப் பிடிப்பை மிகுவித்துக் கொண்டதை ஹேபேட் புறூட் என்பவர் கவனித்தார் என்பர். எறியப்பட்ட சப்பாத்து ஒரு தொழிலின் வித்தாயிற்று. நெய்த பட்டைகளைப் பிசின் போன்ற பொருள்களில் ஊறவைத்து, அவற்றைத் தடுப்புக் கட்டைக்கு உறையாக்கும் முயற்சியில் 1897ஆம் ஆண்டில் அவர் இறங்கினார். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றி அடுக்கி, ஓரெழுத்தைச் சேர்த்து, அவர் தம் பொருளுக்கு இட்ட பெயரே இன்றும் வழங்கும் ‘பெரோடோ’ என்பது. தடுப்பிலே தேயும் பொருளைத் தனியே ஆராய்தல் வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

அதே காலத்தில், பேர்மிங்காம் நகரில் மோட்டார் வண்டிகளைச் செய்துவந்த பிரெடரிக் லாஞ்செஸ்ரர் என்ற பொறியியலறிஞர் வேறொரு வழியைச் சிந்தித்தார். சில்லின் விளிம்பை ஏன் அழுத்த வேண்டும்? சில்லோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய உலோகத் தட்டை அமைத்து, அதனை இருபுறமும் கவ்விப் பிடித்தாலென்ன? இவ்வெண்ணத்துக்கு அவர் 1902ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று உலகமெங்கும் ‘டிஸ்க் பிறேக்’ என வழங்கும் தட்டுத்தடுப்பின் பிறப்பு இதுவே. கருத்து உயர்ந்தது, காலம் ஒத்துழைக்கவில்லை. கவ்வும் கட்டைகளுக்கு அவர் கொண்ட பொருள் செப்பு. அக்காலத்துத் தெருக்களின் புழுதியும் மணலும் இடையிற் புகுந்தமையால் செப்பு விரைவில் தேய்ந்தது. உலோகத்தோடு உலோகம் உரசியபோது எழுந்த கிறீச்சொலி காதைத் துளைத்தது. தகுந்த கட்டை கிடைக்காமையினால், தகுந்த தட்டும் அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. ஒரு கண்டுபிடிப்பின் தலைவிதியை அதன் மிகச் சிறிய உறுப்பே தீர்மானித்தலுண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இடைக்காலத்தில் ஆட்சி செலுத்தியது ‘டிரம் பிறேக்’ எனப்படும் உருளைத்தடுப்பாகும். மூடிய உருளையொன்றின் உட்புறத்தைக் கட்டைகள் வெளிநோக்கி அழுத்தும் அமைப்பு அது. புழுதி புகாமை அதன் நன்மை; வெப்பம் வெளியேறாமை அதன் தீமை. சூடேறிய உருளை விரிந்து, தன்னை அழுத்தும் கட்டையினின்றும் விலகிச் செல்லும். தட்டோ சூடேறும்போது தடித்து, கட்டையை நோக்கியே நெருங்கும். காற்றும் அதனை நேரே தழுவிக் குளிர்விக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களின் சில்லுகளிலே பயின்ற தட்டுத்தடுப்பை, போருக்குப் பின்னர் டன்லப் நிறுவனத்தார் பந்தயக் கார்களுக்குக் கொண்டுவந்தனர். 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்திலே, தட்டுத்தடுப்புப் பூண்ட ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. அப்பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. நீண்ட நேர்வழியின் முடிவிலுள்ள வளைவை அணுகியபோது, ஏனையோர் முன்கூட்டியே வேகந்தணிக்க, ஜாகுவார் ஓட்டிகள் பிந்தித் தணித்தனர். நிறுத்த வல்லவனே விரைய வல்லவன் என்ற உண்மை அன்று உலகறிய நிறுவப்பட்டது. 1955இல் வெளிவந்த சித்ரோயன் டி.எஸ். காரும், 1969இல் வெளிவந்த ஹொண்டா சி.பி.750 மோட்டார்ச் சைக்கிளும் தட்டுத்தடுப்பைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன.

இவ்வெற்றிக் கதையின் நடுவே ஒரு துயரக் கதையும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. வெப்பத்துக்கு அஞ்சாத பொருளாகக் கட்டை செய்வோர் கண்டெடுத்தது கல்நார். அஸ்பெஸ்ரோஸ் என்பதும் அதுவே. பருத்தி கருகிய இடத்திலே கல்நார் கருகாது நின்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் தடுப்புக் கட்டைகள் அதனாலேயே ஆயின. அந்நாரின் நுண்டுகள் மனிதரின் சுவாசப்பைகளிலே தங்கி, அவற்றை இறுகச் செய்தது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே கல்நார் நூற்ற நெலி கேர்ஷோ என்ற தொழிலாளி, 33 வயதில், 1924ஆம் ஆண்டில் மாண்டார். அவருடைய நோயை ஆராய்ந்து மருத்துவர் எழுதிய குறிப்பே இக்கொடுமையை மருத்துவ உலகின் கண்முன் நிறுத்திய முதற் சான்றுகளுள் ஒன்று. 1931இல் பிரித்தானியாவிலே கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. முழுத்தடை வந்ததோ 1999ஆம் ஆண்டிலேதான். பயணஞ் செய்வோரின் உயிரைக் காத்த கட்டை, அதனை ஆக்கியோரின் உயிரை அரித்தது. கட்டை தேயும்போது எழும் தூள் எங்கே செல்கின்றது என்ற வினாவை, அதன்பின்னர் எவரும் அற்பமெனத் தள்ள முடியாதாயிற்று.

இனித் துவிச்சக்கர வண்டிக்கு வருவோம். முன்சில்லு பெருத்த பழைய வண்டிகளில், கரண்டி போன்றதோர் உலோகத்தைத் திண்ம இறப்பர் ரயரின்மீது அழுத்தி வேகந்தணித்தனர். 1888ஆம் ஆண்டில் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயரை ஆக்கியபின், அம்முறை நிலைக்கவில்லை. விலையுயர்ந்த ரயரை ஒரு கரண்டி தேய்த்தழிப்பதை எவர் பொறுப்பர்? தடுப்பு ரயரை விட்டு ரிம்முக்கு நகர்ந்தது. இறப்பர்க் கட்டைகள் இரண்டு ரிம்மை இருபுறமும் நெருக்கும் அமைப்பு எங்கும் பரவியது. வேறு சில வண்டிகளிலே மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லின் குடத்தினுள்ளே இயங்கும் பின்மிதித் தடுப்பும் இடம்பெற்றது. சமநிலத் தெருவில் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்வோர்க்கு இவை போதுமாயிருந்தன. மலை வந்தபோதுதான் குறை வெளிப்பட்டது.

அமெரிக்காவின் கலிபோணியா மாநிலத்து மரின் பகுதியிலே, தமல்பாயிஸ் மலையை அடுத்து, காட்டுத்தீயணைப்போருக்காக வெட்டப்பட்ட மண்பாதைகள் உள. 1970களில் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட தடித்த ரயர் வண்டிகளைப் பழம்பொருட்களிடையே தேடியெடுத்து, அப்பாதைகளில் இறக்கி விளையாடினர். 1976 ஒக்ரோபர் 21ஆம் தேதி அங்கே முதன்முறையாக ஒழுங்கான பந்தயம் நடைபெற்றது. பாதையின் நீளம் ஏறக்குறைய 2 மைல். இறக்கமோ 1,300 அடி. அவ்வண்டிகளின் தடுப்பு பின்மிதித் தடுப்பு. ஒரு முறை இறங்கி முடிவதற்குள் குடம் பழுக்கச் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் உருகிப் புகையாய்ப் போயிற்று. மறுபடியும் இறங்க விரும்பியவன் குடத்தைப் பிரித்துப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு மீண்டும் அடைத்தலை உணர்த்தும் ஆங்கிலச் சொல்லாகிய ‘றீபாக்’ என்பதே அப்பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராயிற்று. ஒரு விளையாட்டின் பிறந்தகம், புகைந்துபோன கிறீஸிலிருந்து பெயர்பெற்றது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அங்கு ஓடிய ஜோ பிறீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டகம் ஒன்றை ஆக்கினார். காரி பிஷரும் சார்லி கெலியும் 1979இல் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் வணிகந் தொடங்கினர். மலைத் துவிச்சக்கர வண்டி இவ்வாறு உலகுக்கு அறிமுகமாயிற்று.

பின்மிதித் தடுப்பைக் கைவிட்டு, அவ்வண்டிகளின் ரிம்முக்கு வலிய கட்டைகளைப் பூட்டினர். 1996இல் யப்பானிய நிறுவனமாகிய சிமானோ, நீண்ட இரு கைகளையுடைய ‘வி’ தடுப்பை வெளியிட்டபோது, ரிம் தடுப்பு தன் உச்சத்தை எட்டியது. ஆயினும் அதன் அடிப்படைக் குறை தீரவில்லை. சேறும் நீரும் முதலிற் படிவது ரிம்மிலேதான். நனைந்த ரிம்மைக் கட்டை பற்றுமுன்னர் வண்டி பல அடி ஓடிவிடும். சேற்றிலுள்ள மணல் கட்டையோடு ரிம்மையும் அராவும். ரிம் என்பது சில்லின் உடல். அது மெலிந்தால் ஒருநாள் ரயரின் காற்றழுத்தந் தாங்காது பிளக்கும். நீண்ட இறக்கத்தில் ரிம் கொதித்து ரயரையும் ரியூபையும் கெடுத்தலும் உண்டு. தேய வேண்டியது தேய்வதோடு நில்லாமல், தேயக் கூடாததும் உடன்தேய்ந்தது.

இந்நிலையிலே லாஞ்செஸ்ரரின் பழைய எண்ணம் புதுவாழ்வு பெற்றது. 1970களிலேயே துவிச்சக்கர வண்டிக்குத் தட்டுத்தடுப்புச் செய்ய முயன்றோர் உளர். எடையும் விலையும் அவற்றை வளரவிடவில்லை. 1990களில் மலையிறக்கப் பந்தயங்கள் பெருகியபோது தேவை முற்றியது. இங்கிலாந்தின் லங்காசயர் மாவட்டத்தில் விமான இயந்திரத் தொழிலிலே பயின்ற இருவர் 1989இல் நிறுவிய ஹோப் நிறுவனமும், அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனமும், பின்னர் சிமானோவும் இத்துறையில் முன்னின்றன. 2000ஆம் ஆண்டைத் தொடர்ந்த காலத்தில், மலை வண்டி என்றால் தட்டுத்தடுப்பு என்ற நிலை வந்தது. தெருப்பந்தயக்காரர் நெடுநாள் தயங்கினர். உலகத் துவிச்சக்கர வண்டி ஒன்றியம் 2015இல் பரீட்சார்த்தமாக இடங்கொடுத்து, 2016இல் ஒரு வீரர் காயமுற்றபோது நிறுத்தி, மறுபடி தொடங்கி, 2018இல் முற்றாக அனுமதித்தது.

இத்தடுப்பின் அமைப்பு எளியது. சில்லின் குடத்தோடு பிணைந்து 160 முதல் 203 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள உருக்குத் தட்டொன்று சுழலும். அதனைத் தழுவி நிற்கும் கவ்வியின் உள்ளே இரு கட்டைகள். கைப்பிடியை நெருக்கினால் குழாயிலுள்ள திரவம் பிஸ்ரன்களைத் தள்ள, பிஸ்ரன்கள் கட்டைகளைத் தட்டின்மீது அழுத்தும். பெரிய தட்டு வெப்பத்தை அதிகம் ஏற்கும். எனவே செங்குத்தான மலைக்குப் பெரிய தட்டே பொருந்தும். தேய்வு இப்போது ரிம்மை விட்டு, எளிதிற் கழற்றி மாற்றத்தக்க ஒரு சிறு கட்டைக்கு வந்து சேர்ந்தது. நூறாண்டு முயற்சியின் பயன் இதுவே.

கட்டைகளிலும் வகையுண்டு. நார்களையும் பிசினையும் சேர்த்து இறுக்கியது ஒருவகை. அது ஒலியின்றி, தொட்டவுடனே பற்றும். ஆயின் மழையிலும் மணற்சேற்றிலும் விரைந்து தேயும். ஒரே நாட் பந்தயத்தில் முற்றாகக் கரைந்துபோதலும் உண்டு. உலோகத் துகள்களைச் சூட்டிலே ஒன்றாக இறுக்கியது மற்றொரு வகை. அது நெடுநாள் நிற்கும், வெப்பத்தையும் தாங்கும். ஆயினும் ஒலியெழுப்பும், சூடேறிய பின்னரே முழுப்பிடிப்பைத் தரும். லாஞ்செஸ்ரரின் செப்பையும் புறூட்டின் பட்டையையும் வருத்திய அதே முரண்பாடு இன்றும் தொடர்கின்றது என்க.

புதுக்கட்டையைப் பூட்டியவுடன் மலையேறுதல் தகாது. மிதமான வேகத்தில் ஓடி, சில்லு பூட்டிக்கொள்ளாதவாறு மெல்ல மெல்ல வேகந்தணிக்கும் செயலை இருபது முப்பது முறை செய்தல் வேண்டும். அப்போது கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டிலே படியும். அப்படலமே நல்ல பிடிப்பின் இரகசியம். சங்கிலிக்கு இடும் ஒயிலில் ஒரு துளி தட்டில் விழுந்தாலும் அப்படலம் கெட்டுவிடும். தட்டை ஐசோபுறோப்பைல் அற்ககோலால் துடைத்துத் தூய்மையாக்கலாம். ஒயிலை உறிஞ்சிய கட்டையை மாற்றுதலே பெரும்பாலும் உற்ற வழி.

கவனத்துக்குரிய செய்தி இன்னொன்றுண்டு. கம்பியால் இயங்கும் தடுப்பில் கட்டை தேயத் தேயக் கைப்பிடி தளர்ந்து எச்சரிக்கும். திரவத்தால் இயங்கும் தடுப்பிலோ, தேய்ந்த அளவுக்குப் பிஸ்ரன்கள் தாமே முன்னகர்ந்து நிற்கும். கைப்பிடியில் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. தன் குறையைத் தானே மறைக்கும் கருவி இது. ஓட்டுபவரின் விரல் ஒன்றும் அறியாதிருக்க, கட்டை முடிந்து, அதனைத் தாங்கும் தகடே தட்டை உரசத் தொடங்கும். ஆதலால் கண்ணால் பார்த்தே அறிதல் வேண்டும். கட்டையின் தேய்பொருள் 0.5 மில்லிமீற்றராகக் குறையும்போது மாற்றுக என்பது சிமானோவின் விதி. 1.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள அதன் தட்டு 1.5 ஆக மெலிந்தால், அதனையும் நீக்க வேண்டும். இவை மயிரிழை அளவுகள். ஆயினும் மலைச்சரிவிலே ஓர் உயிரின் அளவுகள்.

திரவமும் நிலையானதன்று. ‘டொட் 4’ வகைத் திரவம் புதிதாயிருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது நியமம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறியபின் அந்நியம எல்லை 155 பாகையாகத் தாழ்கின்றது. கொதித்த திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தத்துக்கு ஒடுங்கும். அப்போது கைப்பிடி வெறுமையாக உள்ளே செல்லும், வண்டி நில்லாது. ஆகவே திரவத்தைக் காலந்தோறும் மாற்றுதல் அவசியம். கனிய எண்ணெயால் இயங்கும் தடுப்புகளும் உள. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டு, தடுப்பு முழுவதும் பயனற்றதாகும்.

சப்பாத்துத் தோலிலிருந்து உலோகத் துகள் வரை கட்டையின் பொருள் பலவாறு மாறியது. அதன் கடமை மாறவில்லை. வேகத்தின் வெப்பத்தைத் தன்மேல் ஏற்று, சில்லும் ரிம்மும் ஓட்டுபவனும் தேயாதிருக்கத் தான் தேய்வதே அதன் கடமை. தேயாத கட்டையைத் தேடியோர் செப்பின் கிறீச்சொலியையும் கல்நாரின் நஞ்சையுமே கண்டனர். கட்டை தேய்வது குறையன்று. தேய்ந்ததைப் பாராதிருப்பதே குறை. மலையுச்சியில் நிற்பவன், கீழே விரியும் பாதையை நோக்குமுன், குனிந்து தன் சில்லருகேயுள்ள அச்சிறு கட்டையை ஒருகணம் நோக்குவானாயின், நூறாண்டுகால உழைப்பும் இழப்பும் அவனுக்குத் துணையாக இறங்கி வரும்.